ஒரு படி தவிடு

என் மகனை ஒல்லாந்துக்காரர்கள் திருடிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கையில் துடுப்போடு கோட்டை வாசலில் போய் நின்று, பழவேற்காடு முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொல்லவும் செய்தேன்.

(கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.)

அப்போது நான் கோட்டைச் சரக்குப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் வராது. கடலில் தள்ளியே நிற்கும். துணிப்பொதிகளை அலை தாண்டிக் கொண்டுபோய் அதில் சேர்ப்பது எங்கள் வேலை. காற்று சரியில்லாத நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் என்னை வீட்டில் வைத்துக்கொள்வது என் மனைவி செங்கேணிக்குப் பெரிய வேலை.

எங்களுக்கு மூத்தவள் முனியம்மா. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. (இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. சீக்கிரம் கடந்துவிடுகிறேன்.) அதனால் அடுத்த பையன் பிறந்ததும் குப்பத்து வழக்கப்படி அவனை முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்கு விற்றோம். ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிள்ளை இனி அவளுடையது, நாங்கள் சும்மா வளர்க்கிறோம் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டைத் தேடி வருகிற எமன், இங்கே ஆண் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து திரும்ப வேண்டும். அவனுக்கு இன்னும் தெளிவாகப் புரியட்டும் என்று பிள்ளைக்குத் தவிடன் என்றே பேர் வைத்தோம்.

எமன் ஏமாந்தான். தவிடன் பத்து மாதம் வளர்ந்து, பல் முளைக்கத் தொடங்கினான். பல்லோடு குரலும் முளைத்தது. அவன் வாயைத் திறந்தால் ஏரியில் மேய்கிற பூநாரைக் கூட்டம் எழும்பிப் பறக்கும். எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை. ஆயிரம் குழந்தை சேர்ந்து அழுதாலும் என் பிள்ளையின் குரலைத் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று படகில் இருந்த எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் கேட்காதபோதும் சொன்னேன்.

அன்று காலை செங்கேணி மடவை மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். மூன்று நாளாக அவள் தூங்கவில்லை. தூளியை ஆட்டு, எழுந்தால் கஞ்சித் தண்ணீர் ஊற்று, இதைக்கூடச் செய்ய முடியாதா என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலையில் படகு ஓட்டுகிறவனுக்குத் தூளி ஆட்டத் தெரியாதா? கயிற்றின் ஒரு முனையைத் தூளியிலும் மறு முனையை என் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு படுத்தேன். பிள்ளை அசைந்தால் விரலுக்குத் தெரியும், விரலுக்குத் தெரிந்தால் எனக்குத் தெரியும் என்பது என் திட்டம்.

விழித்தபோது கட்டைவிரலில் கயிறு அப்படியே இருந்தது. தூளி காலி.

வாசலுக்கு ஓடினேன். மணல்திட்டுக்கு அப்பால் கப்பல் நின்றது. நேற்று சுருட்டி வைத்திருந்த பாய்களை இன்று விரித்துக்கொண்டிருந்தார்கள். என் மூளைக்கு அது போதுமாயிருந்தது. முந்தைய பஞ்சத்தில், வயிற்றுக்கு இல்லாமல் தங்களையே விற்றுக்கொண்ட சனங்களை ஏற்றிப் போன கப்பல்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கப்பல்வரை கொண்டுபோய்விட்ட படகுகளில் ஒன்றில் நானும் துடுப்புப் போட்டேன். அந்தக் கோபம் நெஞ்சில் அப்படியே கிடந்தது. அது நியாயமான கோபம்தான். அன்றைக்கு அதைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் தப்பு.

துடுப்பை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனி பிசைந்துகொண்டிருந்த முனியம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, “நைனா, தம்பி...” என்று ஆரம்பித்தாள். வாயை மூடிக்கொண்டு கூட வா என்றேன். ஆறு வயசுக்கு என்ன தெரியும் என்று எனக்கு எண்ணம்.

கோட்டை வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பின்னால் பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. வலை காயப்போட்டவர்கள், கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாதவர்கள், எல்லோரும் கோபமாக ஓடிவந்தார்கள். கோபத்துக்குக் காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

காவல்காரன் ஈட்டியை நீட்டினான். நான் துடுப்பை நீட்டினேன்.

“தொரையக் கூப்டு. எம் புள்ளயக் குடுத்துட்டு அப்பறமா கப்பல எடுத்துனு போவட்டும்.”

சத்தம் கேட்டு ஒரு துரை வெளியே வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துபாஷி, தலைப்பாகையோடு. துரையின் ஏழு தலைமுறையையும் அவர் கப்பலையும் அது வந்த கடலையும் நான் மூச்சு விடாமல் திட்டினேன். துபாஷி அதை நான்கே வார்த்தையில் துரையிடம் சொன்னார். துரை என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். (அந்த நான்கு வார்த்தை என்ன என்று துபாஷி சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை.)

பிள்ளைக்கு என்ன அடையாளம் என்று கேட்டார் துபாஷி. கறுப்பாக இருப்பான் என்றேன். அவர் கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, வேறு ஏதாவது சொல் என்றார். பல் எத்தனை என்றார். மேலே இரண்டு என்று அடித்துச் சொன்னேன். (இருந்தது கீழே. அதுவும் ஒன்றுதான்.) இதற்கு நடுவே முனியம்மா என் வேட்டியை இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஏதோ ஒரு குழந்தை வீரிட ஆரம்பித்தது. துரை சொல்வது துபாஷிக்குக் கேட்கவில்லை, துபாஷி சொல்வது எனக்குக் கேட்கவில்லை. இருந்த ஆத்திரம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது.

“யாரும்மா அது, கொழந்தைய இட்டுனு அப்பால போ. இங்க ஒருத்தன் புள்ளயத் தொலைச்சுட்டு நிக்கிறான், தெரியல?”

கூட்டமும் என்னோடு சேர்ந்து அதட்டியது. முந்தானையைத் தலையில் போட்ட ஒரு பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பனைமரங்கள் பக்கம் போவது தெரிந்தது. சத்தம் தேய்ந்தது. சிலருக்குச் சமயம் சந்தர்ப்பம் தெரிவதில்லை என்று துபாஷியிடம் வருத்தப்பட்டேன். அவரும் ஆமாம் என்றார்.

கடைசியில் துரை, படகை எடுங்கள், கப்பலில் இவனே போய்த் தேடிப் பார்க்கட்டும் என்று உத்தரவு கொடுத்தார். எல்லோரும் கரைக்குப் போனோம். என்னோடு துடுப்புப் போடுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படகைத் தள்ளினார்கள். நான் ஒரு காலைப் படகில் வைத்தபோது செங்கேணி மீன் கூடையோடு ஓடிவந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். முனியம்மாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“தம்பி எங்கடி?”

“கன்னியம்மா அத்தகிட்ட குட்துட்டேன். ஒரு படி தவிடு குட்துச்சு.”

“இன்னாத்துக்குடி குட்த?”

“என் குஞ்சு கழுத்தப் புடிச்சு நசுக்கறான். நீயும் தவிடு தர மாட்டேன்ன. தம்பியே தவிட்டுக்குப் போனவன்தான்னு நைனாதான் சொல்லுச்சு.”

துபாஷி மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல், முழுவதையும் துரைக்குச் சொன்னார். துரை ஏதோ கேட்டார். அந்தத் தவிடு இப்போது எங்கே என்று கேட்கிறாராம்.

பனைமரங்களின் பக்கமிருந்து கன்னியம்மா வந்தாள். இடுப்பில் தவிடன். முகமெல்லாம் அழுகையும் கருவாட்டு மணலும். இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று செங்கேணி கேட்டதும், என்னைவிடக் கோபக்காரி ஒருத்தி ஊரில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

“இங்கதான் இருந்தேன். பையன் எங்கிட்ட இருக்கான், அப்ப காணாம போனது பொண்ணுதான்னு பதறி ஓடியாந்தேன். உம் புருசன்தான் ஊர் முன்னால என்னை அப்பால போன்னு தொரத்தினான். தவிட்டக் கொண்டாந்து குடுத்துட்டுப் புள்ளயத் தூக்கிக்கச் சொல்லு.”

தவிட்டில் பாதியைக் குஞ்சுகள் தின்றுவிட்டன. மீதிப் பாதிக்காக நான் முறத்தோடு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு என்று கேட்டார்கள், தெரிந்துகொண்டே. அந்தக் கப்பலுக்கு மிச்சமிருந்த பொதிகளை நான் ஒருவனே சுமந்து படகில் ஏற்ற வேண்டும் என்று துரை சொன்னார். அதை மட்டும் துபாஷி சரியாக மொழிபெயர்த்தார்.

தவிடன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. தெருவில் எங்கே குழந்தை அழுதாலும் முனியம்மா என் பக்கம் திரும்பி, “நைனா, இது யாரு வூட்டுக் கொழந்த, சொல்லு பாப்பம்” என்கிறாள். நான் எரிந்து விழுகிறேன். வீடே சிரிக்கிறது.

கோபத்தில் அன்றைக்குக் காது கேட்கவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். தொடக்கத்திலும் அதைத்தான் சொன்னேன். அது பொய். அந்த அழுகை நன்றாகக் கேட்டது. யாரோ பெற்ற சனியன் என்று நினைத்தேன்.