‘முடியாது’ இல்லாத நாற்பது நாள்

கடலூர் மஞ்சக்குப்பம் தேவசகாயத்தைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பிறந்தபோது அவர் அழவே இல்லையாம். “முடியாது” என்றுதான் சொன்னாராம். கொஞ்சம் மிகைதான். ஆனால் பதினாறு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணிய பிரிசில்லாவிடம் சொல்லிப் பாருங்கள், “இதுல மிகை எங்க இருக்கு?” என்று கேட்பாள்.

மனுஷன் சிதம்பரத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டு. காலை ஏழரை மணி பஸ்ஸில் கடலூரை விட்டால், சாயந்திரம் ஏழு மணிக்குத்தான் வீடு. இருபத்திரண்டு வருஷமாக அவர் மேஜைக்கு வந்த மனுக்களுக்கெல்லாம் ஒரே தலையெழுத்துதான்: ‘விதிகளில் இடமில்லை.’ முதல் இரண்டு வரியைப் படிப்பார். மூன்றாவது வரிக்குள் பேனா இறங்கிவிடும்.

வீட்டிலும் அதே நிர்வாகம்தான்.

“என்னாங்க, ஒரு டம்ளர்...”

“முடியாது.”

“மோர் வேணுமான்னு கேக்க வந்தேங்க.”

“அப்ப குடு.”

வாங்கிக் குடிப்பார். அதையும் கௌரவமாகக் குடிப்பார்.

பிரிசில்லா கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். கல்யாணமான மறுமாசமே, “டீச்சர் வேலைக்குப் போவட்டுமா?” என்று கேட்டாள். முடியாது. மகள் வெண்மதி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கேட்டாள். முடியாது. வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பாள், வருஷத்துக்கு ஒரு முடியாது. சர்டிபிகேட் எல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தன. பட்டுப்புடவையாவது கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை வெளியே வந்து காற்று வாங்கியது.

இப்படிப்பட்ட ஆள் 2010-ம் வருஷம் திருநீற்றுப் புதன் அன்று போய் வலையில் விழுந்தார்.

அன்றைக்குத்தான் தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள், ஆளாளுக்கு மனசுக்குப் பிடித்த ஒன்றைக் கடவுளுக்காக விட்டுவிட வேண்டும். கறியை விடுவார்கள், சினிமாவை விடுவார்கள், டிவி சீரியலை விட்ட வீர மகளிரும் உண்டு. தேவசகாயம் இதிலும் சூப்பிரண்டு. ஒரு வருஷம் பாகற்காயை விட்டார். மறுவருஷம் சுருட்டை விட்டார், அதை அவர் தொட்டதே கிடையாது. போன வருஷம் பகல் தூக்கத்தை விட்டார். அதாவது வீட்டில்.

பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியதும் பிரிசில்லா கேட்டாள்.

“இந்த வருஷம் என்னா வுடப்போறீங்க? வெண்டைக்காயா?”

“நக்கலா?”

“இல்லங்க. ஃபாதர் பிரசங்கத்துல சொன்னாரே, எத வுட்டா வலிக்குமோ அத வுடணும்னு. ஒங்களுக்கு அப்படி ஒன்னு இருக்கு. ஆனா அத ஒங்களால வுட முடியாது.”

“என்னால முடியாததா? எது அது?”

“வேணாங்க. ஒங்களுக்குக் கஷ்டம்.”

“சொல்லப்போறியா இல்லயா?”

“‘முடியாது’ங்கற வார்த்தை. நாப்பது நாள் அது ஒங்க வாயில வராம இருக்குமா? முடியாதுங்க, முடியவே முடியாது.”

“முடியும்!” என்று கர்ஜித்தார் தேவசகாயம். எட்டாவது படிக்கும் வெண்மதி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

“சத்தியமா?”

“நெத்தியில சாம்பல் இருக்கு, பாத்துக்க. நாப்பது நாள். என்னா கேட்டாலும் சரிதான்.”

“ஆபீசுலயுமா? வீட்டுக்கு ஒரு நாக்கு, ஆபீசுக்கு ஒரு நாக்குன்னு இருக்கக் கூடாது.”

“ஆபீசுலயுந்தான்!”

சொல்லிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தபோதுதான் அவருக்கு லேசாக வியர்த்தது.

மறுநாளே வரிசை கட்டி வந்தது. “என்னாங்க, நாளையிலேருந்து காலையில கொஞ்சம் காய் நறுக்கித் தரீங்களா?” சரி. “வெண்மதிக்குத் தலை பின்னி வுடறீங்களா?” தேவசகாயம் பல்லைக் கடித்தார். சரி. “அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி புடிச்சி வெச்சிட்டீங்கன்னா எனக்கு வேலை கம்மி.” சரி, சரி, சரி! வெண்மதியின் முதல் நாள் பின்னலைப் பார்த்து அவள் வகுப்பு டீச்சர், “காத்துல வந்தியாம்மா?” என்று கேட்டாராம். நாலாம் நாள் பின்னல் கோடு போட்ட மாதிரி இருந்தது. தேவசகாயம் அதைத் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்து ரசித்தார்.

சனிக்கிழமை அன்று பிரிசில்லா இன்னொன்று கேட்டாள்.

“திங்கக்கெழமையிலேருந்து, நீங்க கெளம்புனதும் நான் நெல்லிக்குப்பம் போய்ட்டு சாயந்திரம் வந்துடட்டுமா? தெனமும். மத்தியானம் அப்பாவையும் ஒரு எட்டு பாத்துக்குவேன்.”

அவள் அப்பா அந்தோணிசாமி சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயசானவர், தனியாக இருக்கிறார். அதற்கு மேல் தேவசகாயம் யோசிக்கவில்லை. முழுசாகக் கேட்கிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே. “சரி” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

ஆனால் சூப்பிரண்டு சும்மா இருப்பாரா? அன்று காலண்டரை வைத்து எண்ணினார். நாற்பது வரவில்லை. நாற்பத்தாறு வந்தது! அப்புறம்தான் ஞாபகம் வந்தது: தவக்காலக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது. ஆக, வாரத்துக்கு ஒரு நாள் அவருக்கு விடுதலை. குதிக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பிரிசில்லா, இன்னிக்குக் கணக்குல சேராது. கேளு, என்னா வேணும்?”

“ஒன்னும் வேணாங்க.”

“கூச்சப்படாத. கேளு.”

“எல்லாந்தான் இருக்குதே.”

மகளைக் கூப்பிட்டார். “வெண்மதி, சில்வர் பீச்சுக்குப் போவணும்னியே?” “இல்லப்பா, பரீட்சைக்குப் படிக்கணும்.” தாங்க முடியவில்லை மனுஷனுக்கு. பக்கத்து வீட்டு பட்டம்மாளிடம் போய், “ஏணி கேட்டீங்களாமே?” என்று விசாரித்தார். “நான் கேக்கலியே சார். வேணும்னா எங்க வீட்ல ஒன்னு இருக்கு, எடுத்துக்கங்க” என்றாள் அவள். ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். நாலு நாள் சேர்த்து வைத்த ‘முடியாது’ அத்தனையும் செலவாகாமல் அப்படியே கிடந்தன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் மாறத்தான் மாறினார். ஆபீசில் ‘இடமில்லை’ என்று எழுத வழியில்லாததால் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டியிருந்தது. படித்தால், பாதி மனுவுக்கு விதியில் தாராளமாக இடம் இருந்தது! மூன்று வருஷமாக நடந்து செருப்புத் தேய்ந்த புவனகிரி விவசாயி ஒருவர், உத்தரவைக் கையில் வாங்கியதும் அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து நின்றார். தேவசகாயம் பழத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், ஆனால் அந்தக் கண்ணீரை அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் போனால் பிரஷர் இறங்கியிருந்தது. “மாத்திரைய மாத்துனீங்களா?” என்றார் டாக்டர். “என்னையே மாத்திட்டேன் சார்” என்றார் இவர். சிதம்பரம் கீழவீதியில் நடக்கும்போதுகூட நெஞ்சு அரை அடி முன்னால் போனது.

மூன்றாவது வாரம் குண்டு விழுந்தது. கூட வேலை பார்க்கும் சபாபதி டீ குடிக்கும்போது சொன்னார்.

“சார், நெல்லிக்குப்பத்துல என் மச்சினிச்சி டீச்சரா இருக்கற ஸ்கூல்ல ஒங்க வீட்டம்மாவ எடுத்துருக்காங்களாமே? கணக்கு டீச்சராம். அவுங்க...”

“தெரியும் தெரியும்” என்று கையைக் காட்டி நிறுத்தினார் தேவசகாயம். தெரியாது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் வரும்போது விஷயம் துல்லியமாகப் புரிந்தது அவருக்கு. ஆக, இதுதான் திட்டம்! தவக்காலத்துக்குள் ஒரு நாள், ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்து, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்பாள். இவர் சரி சொல்லித்தான் ஆக வேண்டும். பதினாறு வருஷமாகக் கட்டிக் காத்த ‘முடியாது’ ஒரே நிமிஷத்தில் போய்விடும். கேட்காமலே ஒன்றைச் செய்வாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்றே நம்பினார்.

அன்றிலிருந்து மனுஷன் ஓட ஆரம்பித்தார். பிரிசில்லா “என்னாங்க” என்றால் குளியலறைக்குள் புகுந்துகொள்வார். காலை ஏழரை பஸ் ஏழு மணி பஸ் ஆயிற்று. குருத்து ஞாயிறு வந்தது, போயிற்று. ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய வெள்ளி வந்தது. அன்று சாயந்திரம் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வரும்போது அவள், “ஒங்ககிட்ட ஒன்னு...” என்று ஆரம்பித்தாள். அவர் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். “வேணாம், ஞாயித்துக்கெழமையே கேட்டுக்கறேன்” என்று அவளே விட்டுவிட்டாள்.

தேவசகாயத்தால் நம்ப முடியவில்லை. ஞாயிறு! ஈஸ்டர்! விரதம் முடிந்த நாள்! பாவம், கணக்கு படித்தவளுக்கே கணக்கு தப்பிவிட்டது. சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். இருமி, கண்ணை இடுக்கி, கையை உயர்த்தி, ஒரே வீச்சில் சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் மத்தியானம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து மாமனார் அந்தோணிசாமி, மச்சான்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். மட்டன் பிரியாணி வாசனை தெருவைத் தாண்டியது. எல்லோர் இலையிலும் பரிமாறிவிட்டு பிரிசில்லா கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள்.

“என்னாங்க, எல்லாரும் இருக்கறப்பவே ஒன்னு கேட்டுடறேன். அந்த நெல்லிக்குப்பம் ஸ்கூல் வேலைய...”

“முடியாது!”

நாற்பது நாள் அடைத்து வைத்தது வெடித்தது. பிள்ளைகள் வாயில் சோற்றோடு உறைந்தார்கள். “முடியவே முடியாது! இதுதான் என் முடிவு. இதுக்கு மேல பேச்சே இல்ல!”

பிரிசில்லா பொறுமையாக வாக்கியத்தை முடித்தாள். “...வேலைய நான் வுட்டுட முடியுமான்னு கேக்க வந்தேன். முடியாதுன்னுட்டீங்க. சரிங்க, வுடல.”

மாமனார் அந்தோணிசாமி மெதுவாக எழுந்து, எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிழவர் கண் கலங்கியிருந்தது.

“மாப்ள, ஒங்கள நான் என்னமோ நெனச்சிருந்தேன். ஆறு வாரத்துக்கு முன்னாடி இவ வேலைக்குச் சேந்தப்ப, எப்ப வந்து நிறுத்துவீங்களோன்னு தெனம் பயந்துகிட்டுதான் மத்தியானச் சோறு போட்டேன். இன்னிக்கு எங்க எல்லாருக்கும் முன்னாடி, வுடவே கூடாதுன்னு அடிச்சி சொல்லிட்டீங்களே! பொண்ணு குடுத்த எடம் வீண் போவல மாப்ள.”

ஆறு வாரமா! தேவசகாயத்துக்குத் தலை சுற்றியது. ஆனால் என்ன செய்வார்? மச்சான்கள் மாறி மாறிக் கை கொடுத்தார்கள். ஒரு மச்சான் மனைவி, “அண்ணனப் பாத்துக் கத்துக்குங்க” என்று தன் புருஷனை இடித்தாள். இருபது பேர் நடுவில் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? நெஞ்சு தானாக அரை அடி முன்னால் போனது. “படிச்ச படிப்பு வீணாவக் கூடாதுல்ல மாமா” என்று தன் குரலே சொல்வதை அவர் ஆச்சரியத்தோடு கேட்டார்.

எல்லோரும் கை கழுவப் போனதும் சமையல்கட்டுக்குள் பாய்ந்தார்.

“ஆறு வாரமா? எங்கிட்ட கேக்காமலா?”

“கேட்டனே. தெனம் நெல்லிக்குப்பம் போய்ட்டு வரட்டுமான்னு. சரின்னீங்க. எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“சரி, அப்பறம் இன்னிக்கு எதுக்கு மறுபடி கேட்ட?”

“தவக்காலத்துல சொன்ன சரி, ஈஸ்டரோட செல்லாதுன்னு சொல்லிட மாட்டீங்க? அதான் செல்லுபடியாவற நாளா பாத்து, ஒங்க சொந்த வார்த்தையிலயே வாங்கிக்கிட்டேன்.”

தேவசகாயம் அடுப்புமேடையில் சாய்ந்தார். பிரிசில்லாவின் குரல் இறங்கியது. “ஒம்பதாவது பசங்களுக்கு அல்ஜீப்ரா எடுக்கறேங்க. ‘டீச்சர், இப்ப புரியுது’ன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சி. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். பதினாறு வருஷம் இதுக்குத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவருக்கு புவனகிரிக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அவள்மேல் ஒரு பெருமை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

“பயமா இருந்துது பிரிசில்லா. நீ சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா என் பேச்சுக்கு வீட்ல என்னா மதிப்புன்னு.”

“மதிப்பு இல்லாத பேச்ச வாங்கவா இவ்ளோ பாடுபட்டேன்?” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் சிதம்பரம் ஆபீசில் தேவசகாயத்தைப் பிடிக்க முடியவில்லை. மத்தியான டீ வரைக்கும் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் உபதேசம். “ஒரு மனுஷன் தன்ன மாத்திக்கணும்னு நெனச்சா நாப்பது நாள் போதும்யா. என் வீட்டம்மாவ வேலைக்கு அனுப்பறேன். நானா எடுத்த முடிவு. யார் தூண்டுதலும் கெடையாது.”

“தெரியும் சார்” என்றார் சபாபதி, டீயை ஆற்றிக்கொண்டே. “சேந்த முதல் நாளே அம்மா ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டாங்களாம், ஈஸ்டர் அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுக்காரர் ஒரு ‘முடியாது’ போடுவாரு, அதோட எனக்கு வேலை உறுதின்னு. இன்னிக்குக் காலையிலயே இனிப்பு குடுத்துட்டாங்களாம்.”