மூன்றாம் எண்ணுக்கு உட்பட்ட சத்தம்

2004-ஆம் ஆண்டில் திருவொற்றியூர்க் குடியிருப்பில் ஹோம் தியேட்டர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். கட்டில் இல்லாவிட்டால் குற்றமில்லை. ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியும் இருந்தாக வேண்டும். மாடி வீட்டு ஜெயவேலின் பெட்டி போட்ட போட்டில் கீழ் வீட்டு பிராங்கிளினின் சுவரிலிருந்த மாதா படம் தினமும் கோணலாகும். அவன் மனைவி ரோசி தினமும் நிமிர்த்துவாள்.

பிராங்கிளினுக்கு அது வேலை போகிற விவகாரம். குடியிருப்பின் பின்சுவரை ஒட்டியிருந்த ஆலையில் நைட் ஷிப்டில் பாய்லர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வால்வைத் திறந்துவிட வேண்டும். பகலில் தூக்கம் கெட்டதால் மீட்டர் முன்னால் இரண்டு முறை தூங்கி, இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"மாமு, கொஞ்சம் கம்மியா வெய்யேன். பகல்லதான் நான் தூங்கணும்."

"கம்மியா வெச்சுக் கேக்கவா நைனா இம்மாம் பெரிய பொட்டிய தூக்கிகினு வந்தேன்?" என்றான் ஜெயவேல்.

பிராங்கிளின் குடியிருப்பு அலுவலகத்தில் மனு கொடுத்தான். அலுவலகம் அதை நாலு மாதம் ஆழ்ந்து பரிசீலித்தது. பிறகு உதவி அலுவலர் வல்லரசுவின் கையெழுத்தில் ஆணை வந்தது: குடியிருப்போர் தத்தம் ஒலிபெருக்கிகளின் ஒலிக் குமிழை மூன்றாம் எண்ணுக்கு மேல் திருப்பலாகாது; மீறினால் மேற்படி கருவி பறிமுதல் செய்யப்படும். ஏன் மூன்று? அலுவலகத்து ரேடியோவை மூன்றில் வைத்தால் ஊழியர் யாரும் விழித்துக்கொள்வதில்லை என்று ஆய்வில் தெரியவந்திருந்தது.

கல்மண்டபத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் துரைக்கு அன்றிலிருந்து கை ஓயவில்லை. குமிழை உருவுவார், உள்ளேயிருக்கும் தண்டை முழுச் சத்தத்துக்குத் திருப்புவார், கோடு மூன்றைக் காட்டும்படி குமிழைத் திரும்ப மாட்டுவார். புதுசாக செட் வாங்கப் போகிறவர்களும் பாட்டுப் போட்டுக் கேட்பதை விட்டுவிட்டு, "இந்த நாபு கயண்டு வருமா?" என்றுதான் கடையில் கேட்டார்கள்.

சோதனை நாளும் வந்தது. ஜெயவேல் வீட்டில் அலமாரித் தம்ளர்கள் தாமாக நகர்ந்து விழுந்துகொண்டிருந்தன. ஒன்று வல்லரசுவின் காலிலேயே விழுந்தது. அவர் குனிந்து குமிழைப் பார்த்தார். "மூன்று. திருப்தி" என்று நோட்டில் எழுதினார்.

அடுத்து பிராங்கிளின் வீடு. ரோசியின் பழைய ரேடியோவில் வால்யூம் தேய்ந்துபோய், எட்டில் வைத்தால்தான் ஜெபப் பாட்டு லேசாகக் கசியும்.

"எட்டு!" வல்லரசு திடுக்கிட்டார்.

"காத வெச்சுக் கேளு சார். கொசுகூட இத்தவிட சத்தமா கத்தும்" என்றான் பிராங்கிளின்.

"என்னய்யா சொல்றே? மேல போடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"அதான் சார் என் மனுவே!"

"மேல மூணு. கண்ணால பார்த்தேன். ஆணையில காதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

ரேடியோ பறிமுதலானது.

"மனு குட்த்தது நீ, ரேடியோ பூட்டது எனக்கு" என்று ரோசி அழுதாள். பிராங்கிளின் அன்று பூராவும் யோசித்தான். பிறகு பாய்லர் மீட்டர் எப்படியிருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு துரையிடம் போனான்.

"அண்ணே, இந்த முள்ளு கயண்டு வருமா?"

"எதுதாம்பா கயண்டு வராது?" என்று துரை வழி சொல்லிக்கொடுத்தார்.

இப்போதெல்லாம் மேற்பார்வையாளர் மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்க்கிறார். முள் பச்சையில் ஆடாமல் நிற்கிறது. மீட்டர் ஒழுங்காக இருந்தால் ஆள் தூங்குவது ஒரு குற்றமா? இவ்வளவு ஒழுங்கான பாய்லரைத் தம் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பிராங்கிளினுக்குப் பாராட்டுக் கடிதமே கொடுத்துவிட்டார். பிராங்கிளின் நன்றாகத் தூங்குகிறான்.

இரண்டு நாளாக அந்தப் பாய்லர் ஒரு மாதிரி ஊளையிடுகிறது. பின்சுவருக்கு இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் மூன்றில் பாட்டு ஓடுவதால், அது யார் காதிலும் விழவில்லை.