ஐந்து நிமிடத்தில் நாற்பது தேங்காய்

மெத்தை ஓரத்தில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வரிசையில் நின்ற ஏழு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். சிவநேசன் வரிசைப் பக்கம் ஓடினான்.

"அண்ணே, செருப்பப் போட்டுக்கிட்டே விளையாடலாம்."

முதலில் நின்ற பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "பரவால்ல தம்பி. தேங்கா உடைக்கிற எடம். மரியாதைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"இது விளையாட்டுண்ணே. உள்ள இருக்கறது நெசத் தேங்கா இல்ல."

"கும்பிடறது நெசம்தானே?"

ஜார்ஜ் டவுனின் அந்தப் பேரங்காடியில், கீழ்த்தளத்து மின்படிக்கட்டுக்கு எதிரில், சிவநேசனின் நிறுவனம் மெத்தை விரித்து ஒரு மெய்நிகர் விளையாட்டுக் கூடாரம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் வேறு உலகம். தைப்பூசம் நெருங்குகிறதே என்று, ரதம் வரும் வீதியில் தேங்காய் உடைப்பதையே அவன் ஒரு விளையாட்டாகச் செய்திருந்தான். முதன்முதலாக அவனே செய்த விளையாட்டு. ஐந்து நிமிடத்தில் சுமாராக நாற்பது தேங்காய் உடைக்கலாம். சிரட்டை தெறிக்கும், தண்ணீர் சிதறும், மேளம் கொட்டும். அவன் நினைத்தது அவ்வளவுதான்.

இன்று மாலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து முதலாளி ரேமண்ட் வருகிறார். அதற்குள் விளையாடிய முப்பது பேரிடம் படிவம் வாங்கி வைக்க வேண்டும். "ஏன் விளையாடினீர்கள்?" என்று ஒரே கேள்வி. மகிழ்ச்சி, உடற்பயிற்சி, புதுமை, நேரம் போக, மற்றவை. படிவங்கள் சரியாக இருந்தால் சிவநேசனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கெப்பாலா பத்தாஸில் மச்சானின் டயர் கடை. மச்சான் இப்போதே அவன் அளவுக்கு ஒரு நீல ஓவரால் தைத்து வைத்திருந்தார்.

காலையிலிருந்து பன்னிரண்டு படிவம் வந்திருந்தது. பன்னிரண்டிலும் "மற்றவை". பக்கத்தில் ஒரே சொல்: வேண்டுதல். தலைமை அலுவலகக் கணக்கில் "மற்றவை" என்பது செல்லாத ஓட்டு.

இதையெல்லாம் தொடங்கி வைத்தது வடிவம்மாள். லிஃப்டுக்குப் பின்னால், கழிவறை வாசலுக்குப் பக்கத்தில், தள்ளுவண்டியில் முறுக்கும் கச்சாங் பூத்தே கடலையும் விற்பவள். இன்று கூடாரம் திறந்ததும் முதல் ஆளாக வந்து, செருப்பைக் கழற்றி, மெத்தையை மூன்று முறை சுற்றி, பயபக்தியோடு நாற்பது தேங்காய் உடைத்தாள். பார்த்தவர்கள் பின்னாலேயே வரிசை கட்டிவிட்டார்கள்.

"என்ன வேண்டுதல்க்கா?" என்று அவன் அப்போதே கேட்டிருந்தான்.

"வெளிய சொன்னா பலிக்காது தம்பி. பலிச்சதும் சொல்றேன்."

மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், ஏதோ ஒன்று என்று அவன் விட்டுவிட்டான்.

இப்போது செருப்புகளைப் பார்த்தபடி யோசித்தான். ஒரு பெரிய அட்டையை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினான்: "இது கோயில் அல்ல. காலணியோடு விளையாடலாம்."

பத்து நிமிடத்தில் வரிசை மின்படிக்கட்டைத் தொட்டது.

"கோயில் இல்லாத எடத்துல எவனாச்சும் கோயில் இல்லன்னு எழுதி வைப்பானா?" வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "துணிக்கடைல எழுதியிருக்கா? கேஎஃப்சில எழுதியிருக்கா? இங்க மட்டும் ஏன் எழுதியிருக்கான்? மேலிடத்துல பிரச்சனை வந்திருக்கு. பையன் மறைக்கிறான்."

"ஐயோ பாவம்," என்றார் பக்கத்தில் இருந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

பாதுகாவலர் ஹாஃபிஸ் வந்து எட்டிப் பார்த்தார். பதினேழு வருடம் தமிழர்கள் நடமாடும் பேரங்காடியில் வேலை பார்த்ததில் அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"தம்பி, புதுக் கோயிலா? சொல்லவே இல்ல?"

"கோயில் இல்லண்ணே!"

"ஆமா, ஆமா, போர்டு பாத்தேன்," என்று கண்ணடித்துவிட்டு, ஹாஃபிஸ் கயிறு கட்டி வரிசையை ஒழுங்குபடுத்தினார். பெண்களுக்குத் தனி வரிசை.

இனி அட்டையால் ஆவது ஒன்றுமில்லை, வேரையே வெட்ட வேண்டும் என்று சிவநேசன் முடிவு செய்தான். தேங்காய் இருப்பதால்தானே வேண்டுதல்? மடிக்கணினியைத் திறந்து தேங்காய்ப் படத்தை எடுத்துவிட்டுத் தர்பூசணிப் படத்தைச் சேர்த்தான்.

அப்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றவர் அர்ஜுனன். பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்த பேருந்து ஓட்டுநர். இருபத்தொரு தேங்காய் நேர்ந்திருந்தார். பன்னிரண்டு உடைத்து, பதிமூன்றாவதுக்குக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார்.

"தம்பி." கைப்பிடியால் காற்றைத் துழாவினார். "தேங்கா எங்க?"

"அது வந்துண்ணே... இப்ப தர்பூசணி."

"நான் முருகனுக்குத் தர்பூசணி நேந்துக்கலையே!"

வரிசை முழுவதும் "ச்சு ச்சு" என்றது.

"பாதியில நிறுத்தினா தெய்வக் குத்தம்," என்றது ஒரு குரல்.

"என் மக ரூபினிக்கு ரெண்டு மணிக்கு கார் லெசென் டெஸ்ட்டுலா! நாலு தடவ ஃபெயிலு. நான் பஸ்ஸு ஓட்றவன், என் மகளுக்குப் பார்க்கிங் வரலன்னா வெளிய தலை காட்ட முடியுமா?" ஹெட்செட்டைக் கழற்றாமலே பையைத் துழாவி, குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்திக் கைப்பேசியைக் காதில் வைத்தார். "ரூபி, கண்ணு! கெரேத்தாவ எடுக்காத! கார்லயே ஏறாத! அப்பாவுக்கு இங்க ஒம்போது தேங்கா பாக்கி!"

சிவநேசன் தர்பூசணியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேங்காயைத் திரும்பக் கொண்டுவந்தான். ஆனால் விளையாட்டு ஆரம்பத்துக்கே போய்விட்டது. திரையில் பூஜ்யம்.

"நான் உடைச்ச பன்னெண்டு?"

"மறுபடி மொதல்லேருந்து உடைங்கண்ணே, இலவசம்."

"மொதல்லேருந்து உடைச்சா அது முப்பத்துமூணு. நேந்தது இருபத்தொன்னு. கூடக் குடுத்தாலும் கணக்கு தப்பு." அர்ஜுனன் மெத்தை மேலேயே உட்கார்ந்துகொண்டார். "மீதியக் குடு. அப்பதான் எழுந்திரிப்பேன்."

மணி ஒன்றரை. பதினொரு நிமிடத்தில், நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்ட, சிவநேசன் தன் வாழ்நாளின் மிக வேகமான நிரலை எழுதினான். யார் எத்தனை உடைத்தார்கள் என்று பெயரோடு நினைவில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. அர்ஜுனன் மீதி ஒன்பதையும் உடைத்து, மகளுக்கு அனுமதி கொடுத்தார்.

"அப்போ," என்றாள் வரிசைக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட வடிவம்மாள், "என் பேரப் போட்டுக் காலைல உடைச்ச நாப்பதையும் எழுதிக்க தம்பி. என்னோடது நூத்தெட்டு."

"நூத்தெட்டா? தவணையா உடைக்கலாமா?" என்று வரிசை அதிர்ந்தது.

அவ்வளவுதான். பதினொன்று நேர்ந்தவர்களும் இருபத்தொன்று நேர்ந்தவர்களும் நூற்றெட்டுக்கு மாறினார்கள். நாற்பது உடைத்துவிட்டு ஒரு கோப்பை தே தாரிக், திரும்ப நாற்பது, பிறகு ஒரு தூக்கம், திரும்ப இருபத்தெட்டு. வரிசையில் அதே முகங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. புது ஆளும் இல்லை, புதுப் படிவமும் இல்லை.

"அக்கா, தயவுசெஞ்சு 'மகிழ்ச்சி'ன்னு ஒரு டிக் போடுங்க," என்று ஒரு பெண்ணிடம் கெஞ்சினான்.

"ஏன் தம்பி, என் வீட்டுக்காரர் ஆப்பரேஷனுக்கு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன். மகிழ்ச்சின்னா போடறது?"

"அப்ப உடற்பயிற்சி?"

"சாமி படிச்சா என்னா நெனைக்கும்?"

மணி மூன்றே முக்கால். அர்ஜுனனின் கைப்பேசி அலறியது. கேட்டார். வாய் பிளந்தது.

"பாஸ்ஸு! என் மக பாஸ்ஸு! பக்கவாட்டுப் பார்க்கிங்ல ஒரு கோணல் இல்லையாம்!"

பேரங்காடியே கைதட்டியது. ஹாஃபிஸ் தொப்பியைக் கழற்றி வீசினார். அர்ஜுனன் எங்கோ ஓடிப்போய் மூன்று முழம் மல்லிகைச் சரத்தோடு திரும்பி வந்தார். அப்போது வடிவம்மாள் கடைசி இருபத்தெட்டுக்காக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சிவநேசன் "அண்ணே, வேணாம்!" என்று கத்துவதற்குள் சரம் ஹெட்செட்டின் மேல் மாலையாக விழுந்துவிட்டது.

ஹெட்செட்டின் முன்புறத்தில் நான்கு சின்னக் கேமராக்கள் உண்டு. தரை எங்கே, சுவர் எங்கே என்று பார்ப்பவை அவைதாம். மல்லிகை மூடியதும் விளையாட்டுக்குத் தரை தெரியாமல் போய்விட்டது. வெளியே மாட்டியிருந்த பெரிய திரையில், வீதியில் கிடந்த தேங்காய்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்பி, ரதத்தைத் தாண்டி, வானத்தை நோக்கி மெல்ல மிதந்து போயின.

வரிசை மொத்தமும் திரையை நோக்கி முண்டியது.

"சாமி நேரா வாங்கிக்குது!" என்று ஒருவர் அலறினார்.

"அரோகரா!"

வடிவம்மாளோ எதற்கும் அசரவில்லை. மிதந்து போகும் தேங்காயை விட்டுவிடக்கூடாது என்று எம்பி எம்பி உடைத்தாள். சேலைத் தலைப்பு பறக்க, கம்மல் குலுங்க, ஒவ்வொரு குதிப்புக்கும் கூட்டம் எண்ணியது. "தொண்ணூத்திரெண்டு! தொண்ணூத்திமூணு!"

"சிவநேசன்."

அவன் திரும்பினான். ரேமண்ட். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். கையில் பெட்டி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. செருப்பு மலையைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். வானத்துத் தேங்காய்களைப் பார்த்தார். படிவக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் மற்றவை."

"ஆமா பாஸ்." நீல ஓவரால் சிவநேசன் கண்முன்னே கொடியில் ஆடியது.

"இது?" ரேமண்ட் மடிக்கணினியைக் காட்டினார். "இந்தப் பேரு லிஸ்ட்டு?"

"விட்ட எடத்துலேருந்து உடைக்கிறதுக்கு. நான் வேணும்னு செய்யல பாஸ், அவரு எழுந்திரிக்க மாட்டேன்னாரு..."

"எட்டு பேரு ஒரே நாள்ல மூணு தடவ வந்திருக்காங்க." ரேமண்ட் மெல்லச் சொன்னார். "கோலாலம்பூர்ல நம்ம ரோலர்கோஸ்டர் கேம ஒருத்தன் ரெண்டாவது தடவ விளையாடறதில்ல. அஞ்சு நிமிஷத்துல வாந்தி எடுத்துட்டுப் போய்ட்றான். ஜனங்க எதுக்கு விளையாட்றாங்கன்னு ரெண்டு வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிறோம். நீ வரிசைல நிக்க வச்சிருக்க!"

"அது... நானா நிக்க வைக்கல பாஸ்."

"வேலை நிரந்தரம். இந்த மூலை உனக்குப் பத்தாதுலா. நாளைக்கே மூணாவது மாடி, சினிமாவுக்குப் பக்கத்துல பெரிய எடம், பேசி முடிச்சிட்றேன்." பேசிக்கொண்டே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். "எங்க அம்மா புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துவாங்க. நான் இங்க உடைச்சா ஒன்னும் தப்பில்லையே?"

"நூத்தெட்டு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

வடிவம்மாள் ஹெட்செட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, தலையெல்லாம் மல்லிகை. சிவநேசன் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா, உங்களாலதான்க்கா எல்லாம்! எனக்கு வேலை நிரந்தரம். நாளைக்கே மூணாவது மாடிக்குப் போறோம், பெரிய எடம். மொத ஆளா நீங்கதான் வரணும்!"

"நாளைக்கேவா?" வடிவம்மாள் கண்ணை மூடி, கைகூப்பி, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று லிஃப்டுக்குப் பின்னால் போனாள். கடகடவென்று சத்தம் கேட்டது. தள்ளுவண்டியோடு திரும்பி வந்து, மெத்தை ஓரத்தைக் காலால் சுருட்டினாள். அடியில், பளிங்குத் தரையில், பல வருடம் ஒரே இடத்தில் நின்று தேய்ந்த நான்கு வட்டத் தடங்கள் இருந்தன. மூன்று வாரத்துக்கு முன் மெத்தையை எங்கே விரிப்பது என்று அவன் அளவெடுத்ததே அந்தத் தடங்களை வைத்துத்தான்.

வண்டியின் நான்கு சக்கரமும் நான்கு தடத்திலும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன.

"மூணாவது மாடிக்கு நான் எதுக்குலா தம்பி வரணும்?" வடிவம்மாள் ஒரு பொட்டலம் முறுக்கை அவன் கையில் திணித்தாள். "நீங்க இந்த எடத்தக் காலி பண்ணணும்னுதானே நூத்தெட்டும் உடைச்சேன்!"