காத்த அளந்த மீட்டரண்ணன்

மீட்டரண்ணே! ராகிக் களிய வெச்சு விசிறிக்குக் கணக்குப் போட்ட மனுசன் இந்தத் தர்மபுரிச் சீமையிலயே நீங்க ஒருத்தருதான்.

அவரோட நெசப் பேரு எனக்குத் தெரியாதுங்க. வாத்தியார் வேலைக்குப் படிக்கிற ட்ரெயினிங் ஸ்கூல்ல அவரு வயர்மேன். அந்த ஆஸ்டல்ல நான் கூட்டிப் பெருக்கறவ, என் வூட்டுக்காரரு சமையலு. யாராவது விசிறியால வீசிக்கிட்டிருந்தா மீட்டரண்ணன் எதுத்தாப்ல குந்திக்குவாரு. "ஒரு உருண்ட களி தின்னா எத்தன வீச்சு வரும்?"பாரு. கல்யாண வூட்டுல மாப்பிள்ளைக்கு வீசின பொண்ணுகிட்டயே கேட்டாரு. அடி விழாம இழுத்துக்கிட்டு வந்தோம்.

கைக்கடியாரம் கெடையாது. கரண்டு மீட்டருக்குள்ள இருக்கற தட்டு மூணு சுத்து சுத்தறதுக்குள்ள தன் கைநாடி எத்தன துடிக்குதுன்னு எண்ணுவாரு. துடிப்பு கொறைய வந்தா தட்டு வேகமா சுத்துது, அந்த ஃபேனு கரண்ட அதிகமாத் திங்குதுன்னு அர்த்தம்.

சப்பான்காரன் சண்டை நடந்தப்ப, சித்திரை வெயில்ல என் வூட்டுக்காரரு வெசக்காய்ச்சல்ல விழுந்தாரு. சிக்ரூம்ல படுக்க வெச்சாங்க. தலைக்கு மேல ஃபேனு, சன்னல்ல நனைச்ச வெட்டிவேர்த் தட்டி. "ஒடம்பு சூடு ஏறக்கூடாதும்மா, ஏறுனா தாங்கமாட்டான்"னுட்டுப் போனாரு டாக்டரு. அன்னிக்குன்னு பிரின்சிபால் ஐயா மீட்டரண்ணனக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு.

"கரண்டு கண்டபடி ஆவுதுன்னு மேலேர்ந்து கடுதாசி. இருக்கறது ரெண்டு ஃபேனு, என் ரூம்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. இதக் கழட்டு."



"எது அதிகமாத் திங்குதோ அதக் கழட்டலாமுங்க. அளந்துடறேனுங்க"ன்னாரு மீட்டரண்ணன்.

"அளடா. எது வருதோ அதான் முடிவு."

ஐயா காப்பி குடிக்கப் போனப்ப சிக்ரூம் ஃபேன மட்டும் ஓடவிட்டு எண்ணினாரு. நூத்தி நாப்பது. அப்புறம் ஐயா ரூம் ஃபேனு. ஐயா பின்னாடியே நின்னுக்கிட்டு, "சீக்கிரம்டா! தூங்கறியா?"ன்னு கத்தறாரு. நூத்தி அம்பது.

"பாத்தியா? என்னுதுதான் கம்மியாத் திங்குது. போ, அதக் கழட்டு!"

மீட்டரண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. ஏணிய எடுத்தாரு. ஏணியே நடுங்குச்சு.

"அண்ணே, கை இப்பிடி ஒதறுதே!"ன்னேன்.

அப்பிடியே நின்னுட்டாரு. "அடப்பாவி! ஃபேன எண்ணல தாயி, என் பயத்த எண்ணிட்டேன்!"

என் கையப் புடிச்சாரு. என் நாடியும் எலி மாதிரி ஓடுது. விட்டுட்டு ஒரே எட்டுல போயி பிரின்சிபால் ஐயா கையப் புடிச்சுட்டாரு!

"டேய்! யாரைத் தொடறே?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. இங்க பயமில்லாத நாடி உங்களுது ஒண்ணுதானுங்க."

ஐயா கைய உருவிக்கல. அந்த நாடிய வெச்சே மீட்டரண்ணன் ரெண்டு ஃபேனையும் மறுபடி எண்ணினாரு. சிக்ரூமுக்கு நூத்தி முப்பது. ஐயா ரூமுக்கு மொத்தமே நூறு. ஐயா வேர்வையத் தொடச்சுக்கிட்டு, "என்னுதையே கழட்டித் தொல"ன்னாரு. சொன்ன சொல்ல மாத்தல, அதுவும் பெரிய மனசுதான்.

பதினெட்டாம் நாளு என் வூட்டுக்காரரு கஞ்சி கேட்டாரு.

போன ஆடியில இண்டூர்ப் பக்கம் மழையில கரண்டுக் கம்பத்துல ஏறின மீட்டரண்ணன, தூக்கித்தாங்க கொண்டாந்தாங்க. பொண்டாட்டி புள்ள கெடையாது. நான்தான் தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு நின்னு அழுதேன், யாரும் இல்லேங்கல. கோயிலோ மாதா கோயிலோ, நீங்க எங்க போனாலும் எங்கண்ணனுக்காக ஒருவாட்டி வேண்டிக்குங்க. பேரு தெரியலன்னா பரவால்லீங்க, மீட்டரண்ணன்னு சொன்னாப் போதும்.