வரிப் படிவத்தில் ஏறிய சீதன வீடு

கனவு காண்கிறவன் கையில் வெற்றுப் படிவத்தைக் கொடுக்கக் கூடாது. பேனையையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கந்தோர் ஜன்னலைத் திறந்தால் வாவி. அங்கேதான் பிழை தொடங்கியது. கணக்காளர் அல்போன்ஸ் ஐயா ஒரு மத்தியானம் எங்களை இருத்தி வருமான வரி படிப்பித்தார். சம்பளம் வருமானம், படிகளில் சிலது மட்டும் வருமானம், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதிக்கு வேறு விதி, வங்கியில் போட்ட முதல் வருமானமல்ல, அதன் வட்டிதான் வருமானம், ஒருவர் அன்பாகத் தருவது இன்னொரு கதை. நான் தலையாட்டிக்கொண்டே தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளங்கினதா தம்பி?"

"ஓம் ஐயா." (என் வாழ்நாளின் பெரிய பொய்களில் அது இரண்டாவது.)

படிவத்தில் சம்பளத்தை எழுதியாயிற்று. அதற்குக் கீழே வீடு, காணி, வாடகை, முதலீடு என்று பெட்டி பெட்டியாகக் காலி. பார்க்கவே வெட்கமாக இருந்தது. அப்போது எனக்கு மண்டூரில் மாலதியைப் பேசி முடித்திருந்தார்கள்; மூன்று மாதத்தில் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய் அங்கே குடியேறுவான், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டூருக்குப் போகப் பாதையில் ஏறினேன். (வாவியைக் கடக்கும் தட்டைப் படகுக்கு எங்களூரில் பாதை என்று பெயர்.) தண்ணீர் அசையவில்லை. வெயில் அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. படிவத்தை மடியில் விரித்து, மாலதியின் வீட்டை எழுதினேன். எழுதியதும் நான் அதன் விறாந்தையில் இருந்தேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஊர் வயல்வெளியான வட்டையில் வயல் எழுதினேன். இரண்டு போகமும் விளைந்தது. முன்னறையை ஒரு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டேன். (கரை வருவதற்குள் வாடகையை வெட்டிக் கூட்டியும் எழுதிவிட்டேன்.) மாலதிக்கு வங்கியில் ஏதோ வைப்பு இருப்பதாகப் கலியாணப் பேச்சுக்காலில் கேட்ட ஞாபகம். அதை முதலீட்டில் போட்டேன். ஆகா, எவ்வளவு நிறைந்த வாழ்க்கை!

மாலதியின் தகப்பன் நெல் விதைக்கிறவர், பேச்சுக் குறைவு. மூத்த மகனைக் கடல் கொண்டுபோன பிறகு இன்னும் குறைவு. அவரிடம் படிவத்தை நீட்டினேன்.

"மாமா, வீட்டு உறுதிப் பத்திர நம்பரும், வைப்புக் காசு எவ்வளவெண்டும் சொன்னா, இஞ்சயே எழுதிருவன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"முன்னறையில ஆரு வெள்ளைக்காரன்?"

"அவர்... இனித்தான் வருவார் மாமா."

"கலியாணத்துக்கு முன்னமே சீதனத்தைக் கவுண்மேந்துக்கு எழுதிக் குடுக்கிறீங்களா? நாங்க தராம ஓடிருவம் எண்டா?"

பிறகு அவர் விரல் முதலீட்டில் நின்றது. குரல் இறங்கிவிட்டது.

"இது என்ட மகன்ட சேமலாப நிதிக் காசு, தம்பி. அவன் உழைச்சது. அவன் போனாப் பொறகு என்ட கையில தந்தாங்க. தங்கச்சிக்கெண்டு போட்டிரிக்கன். இதுக்கு நீங்க முதலீடெண்டு பேர் வெச்சிரிக்கிங்க."

ஐயோ! அந்தக் காசு எங்கிருந்து வந்ததென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் எழுந்தார்.

"அடுத்த பாதையில போயிருங்க. நான் உங்கட வீட்டாரோட பேசிக்கிறன்."

கலியாணம் முடிந்தது, நடக்காமலே. அப்போதுதான் மாலதி அறைக்குள்ளிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கிறவள். கையில் சிவப்புப் பேனை. படிவத்தை வாங்கி, நான் ஒருவன் அங்கே நிற்பதையே மறந்தவளாகத் திருத்தத் தொடங்கினாள்.

"வீடு என்ட பேருக்கு வரப்போறது. இவருக்கு வருமானமில்ல. வயலும் அப்படித்தான். வைப்பில முதலுக்கு வரி இல்ல; வட்டி வந்தா அது என்ட கணக்கு." வெட்டு, வெட்டு, வெட்டு. வாடகையில் பேனை நின்றது. கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "அப்பா... வராத வெள்ளைக்காரனுக்கு வாடகையைக் கூட்டியுமிரிக்கார்!"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. நிலத்தில் குந்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள்.

அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். மாமா அசையாமல் நின்று மகளையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "சோறு திண்டிட்டுப் போகட்டும்," என்றார்.

கலியாணம் நடந்தது. என் படிவங்களை மாலதிதான் நிரப்புகிறாள். கையெழுத்து மட்டும் நான். வைப்பின் வட்டியில் வருடாவருடம் அண்ணனின் திவசத்துக்குச் சோறு போடுகிறோம். நாட்டில் சண்டை முடிந்த வருடம், அதுவரை வர முடியாதிருந்த உறவுகளெல்லாம் வந்து வளவு நிறைந்துவிட்டது. நான் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமா என் தோளில் கைபோட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னதைத்தான் இன்றைக்கும் குடும்பம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

"இவர்தான் எங்கட மருமகன். என்ட புள்ளயச் சிரிக்க வெச்ச மனிசன். அது போக, வேற வருமானம் ஒண்டுமில்ல."