பல்லக்குத் தலைவரின் கால்

"சாமி தூக்குற அன்னிக்குக் கட்டைச் செருப்பு மாட்டிக்கிட்டு வந்த மகராசன் எவன்டா?"

தொகுஜி போட்ட சத்தத்தில் தெருச் சங்கக் கூடமே அதிர்ந்தது. வருடக்கணக்காகக் கெஞ்சி, இந்தத் திருவிழாவில்தான் சாமிப் பல்லக்குக்குத் தலைவராகியிருந்தார். அந்தப் பூரிப்பில் ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் எப்படிக் கிளம்பி வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

சற்று முன்புதான் பல்லக்குத் தூக்குகிறவர்கள் தபியைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, உள்ளே பாயில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றார்கள். தபி என்றால் பெருவிரலுக்குத் தனி அறை வைத்துத் தைத்த கறுப்புத் துணிக்காலணி. எல்லாம் ஒரே கடைச் சரக்கு. அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலில் எழுந்து வந்த தொகுஜி, ஒரு ஜோடியை மாட்டிக் கொக்கிகளை இறுக்கிக்கொண்டார். கடைசியில் வந்த ஹன்பெய்க்கு மிஞ்சியது கட்டைச் செருப்புதான்.

"நான் தபியோடதாண்ணே வந்தேன்!" ஹன்பெய் அழாத குறை.

"அப்ப அது தானா நடந்து வீட்டுக்குப் போயிடுச்சாக்கும்! எவனோ மாத்திப் போட்டிருக்கான். எல்லாரும் கழட்டுங்கடா!"

கழற்றினார்கள். வாசலில் தபி குவிந்தது. இப்போது எவனுக்கும் தன்னுடையது எது என்று தெரியவில்லை.

"தலைவரே, நீங்களும் கழட்டலாமே?" என்றான் குசும்பன் கன்ரொகு.

"போடா! என் தபி என் காலுக்குத் தெரியாதா?"

உண்மையில் விரல் நசுங்கி அவருக்கு உயிர் போனது. பதவி வந்த ஜோரில் காலும் கொஞ்சம் பூரித்திருக்கும் என்று தேற்றிக்கொண்டார்.

மேளம் முழங்கியது. இன்னும் தாமதித்தால் அடுத்த தெருப் பல்லக்கு முந்திவிடும். அப்புறம் தலைவர் பதவியைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

"கையில கிடைச்சத மாட்டிக்கிட்டுக் கிளம்புங்கடா! நான் இருக்கேன்ல?"

பெரிய கால் சின்னத் தபியில் பிதுங்கியது. சின்னக் கால் பெரிய தபியில் நீந்தியது. பல்லக்கு நாலடி நகர்வதற்குள் ஆளாளுக்கு நொண்ட ஆரம்பித்தார்கள். நடுவில் ஹன்பெய் மட்டும் 'டக் டக்'கென்று வந்தான். சாமி ஒரு பக்கமாகச் சாய, தெருவே சிரித்தது. வேறு வழியின்றிப் பல்லக்கை இறக்கினார்கள்.

தொகுஜிக்கு அவமானம் தாங்கவில்லை. பல்லக்கின் மேல் ஓங்கி அடித்தார்.

"சாமி மேல சத்தியமாச் சொல்றேன்! அந்தக் கட்டைச் செருப்புக்காரன் எவனா இருந்தாலும் சரி, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பல்லக்கைத் தொடக் கூடாது!"

"சரியாச் சொன்னீங்க தலைவரே!" என்று கூட்டம் கை தட்டியது.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் மனைவி ஒசென், கையில் ஒரு மூட்டையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏங்க! துவைச்ச தபியக் கொடியிலயே விட்டுட்டு, கட்டைச் செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களே!"