பிரான்ஸ் கை தூக்கியது

அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள்:

வாத்தியார். நியூசிலாந்து வெள்ளைக்காரர். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ்.

ராஜலட்சுமி. சமபுலாவில் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் சங்கச் செயலாளரின் மகள். அன்றைக்குச் சபைத் தலைவர்.

ஜோனே. போலீஸ்காரர். அன்றைக்கு அமெரிக்கா.

காசிம் பாய். தபாலாபீஸ் குமாஸ்தா. நவுசோரியில் எனக்கு அடுத்த தெரு. அன்றைக்கு இங்கிலாந்து.

டோங்காவிலிருந்து வந்த அண்ணன் தம்பி. என்ன நாடு என்று அவர்களுக்கே தெரியாது.

பெயர் மறந்துபோன ஒன்பது பேர். ஒன்பது நாடு.

நான். சின்னசாமி. நவுசோரி–சுவா பஸ் டிரைவர். (சுவா எங்கள் பசிபிக் தீவின் தலைநகர்.) படிப்பு எட்டாம் வகுப்பு. அன்றைக்கு பிரான்ஸ்.

எனக்கு உலக அரசியல் மேல் ஆசை எதுவும் கிடையாது. என் வலது கண்ணில் பூ விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் பஸ் ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நாகம்மா, நான்கு பிள்ளைகள். லைசன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காலி. எட்டாம் வகுப்பு போதாது, யுனிவர்சிட்டியில் ஒரு பாடமாவது பாஸ் செய்து வா, நாற்காலி உனக்குத்தான் என்றார் அங்கிருந்த பெரியவர். சாயங்கால வகுப்பில் வயதானவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு நிறைந்துவிட்டது. வியாபாரம் நிறைந்துவிட்டது. சர்வதேச அரசியல் கொள்கை மட்டும் காலியாக இருந்தது. (காலியாக இருக்கிற பஸ்ஸில் ஏறும் முன் ஏன் காலி என்று கேட்க வேண்டும். டிரைவருக்கே தோன்றவில்லை.)

புத்தகத்தை ஸ்டியரிங் மேல் வைத்துப் படித்தேன். பஸ் நிற்கும்போதுதான். முதல் கொள்கை: நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, ஆகவே எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது கொள்கை: கொடுத்து வாங்கிப் பழகினால் சண்டை குறையும். இரண்டும் நவுசோரி பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்ததுதான். புத்தகத்தில் இருந்ததால் பயமாக இருந்தது.

கடைசியில் பரீட்சைக்குப் பதிலாக, ஐ.நா. பாதுகாப்புச் சபை மாதிரி ஒரு சபை. பதினைந்து பேர், பதினைந்து நாடு. பசிபிக் கடலில் பிரான்ஸ் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதைக் கண்டித்து ஒரு தீர்மானம். சுவாவில் அந்த வருஷம் பிரான்ஸ் என்றால் எச்சில் துப்புவார்கள். அந்த நாட்டை எடுக்க ஆளில்லை. கடைசியாக வகுப்புக்கு வந்தவன் நான். (பஸ் தாமதம்.) என் தலையில் விழுந்தது.

வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மிஸ்டர் சாமி, உங்கள் வேலை சுலபம். பிரான்ஸுக்கு வீட்டோ உண்டு. நீங்கள் ஒருவர் வேண்டாம் என்றால் போதும், பதினான்கு பேர் சொன்னதும் செல்லாது. எதிர்த்துக் கை தூக்குங்கள். பாஸ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கையை இறக்காதீர்கள்."

இரண்டு வாரம் பழகினேன். குளிக்கும்போது கை தூக்கினேன். ரேவா பாலத்தில் கை தூக்கினேன், எதிரே வந்த லாரிக்காரன் ஹலோ சொன்னான்.

இப்போது எங்கள் தமிழர் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் தீர்மானம் என்றால் ஏகமனதாகத்தான் நிறைவேறும். நோட்டில் வேறு மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. யாராவது ஒருவன் எதிர்த்துக் கை தூக்கினால் கூட்டம் நிற்கும். அவன் முன்னால் ஒரு சிரட்டை நங்கோனா வரும், வேரை இடித்துக் கரைத்த தண்ணீர். பெரியவர் ஒருவர், "என்னப்பா, நாங்க கேக்கிறோமில்ல" என்பார். அவன் கை தட்டி வாங்கிக் குடிப்பான், குடித்தால் எதிர்ப்பை விட்டதாக அர்த்தம். கூட்டம் மறுபடி நடக்கும். பள்ளிக்கூடத்துக் கூரை விஷயத்தில் நானே இரண்டு தடவை அப்படிக் குடித்திருக்கிறேன். மூன்றாவது தடவை கை தூக்கியவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடக்கூட ஆள் வராது.

அன்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். எல்லாரும் பேசினார்கள். இங்கிலாந்து நெடுநேரம் பேசியது. பிறகு ராஜலட்சுமி ஓட்டுக்கு விட்டார். "எதிர்ப்பவர்கள்?"

தூக்கினேன்.

பதினான்கு முகம் திரும்பியது. ராஜலட்சுமியின் முகம் அவர் அப்பாவின் முகமாக மாறியது. வகுப்பில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். அவர் தமிழில் சொன்னார்:

"சாமி அண்ணா, நீங்க ஒரு ஆளு மட்டும் எதுக்கு? ஏகமனசா முடிச்சிரலாமே."

மூலையில் நங்கோனா சட்டி இருந்தது. சாயங்கால வகுப்பில் அது எப்போதும் இருக்கும். ஜோனே எழுந்தார். அமெரிக்கா ஒரு சிரட்டை மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி, பிரான்ஸ் முன்னால் வந்து குனிந்தது.

"லோ பையா, பீயோ." வாங்கிக் குடி அண்ணா என்று இந்தியில்.

வாங்கும் முன் கை தட்ட வேண்டும். தட்டுவதற்குக் கையை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினேன். தட்டினேன். ஒரே மூச்சில் குடித்தேன். மறுபடி மூன்று தட்டு.

"ஆதரிப்பவர்கள்?" என்றார் ராஜலட்சுமி.

தூக்கினேன். சந்தோஷமாகவே தூக்கினேன். அந்தக் கடல் மீனைத்தானே நானும் தின்கிறேன்.

பதினைந்துக்குப் பதினைந்து. டோங்கா அண்ணன் தம்பி பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். வாத்தியார் பேனாவை மூடினார்.

"மிஸ்டர் சாமி. பிரான்ஸ் இப்போது பிரான்ஸையே கண்டித்திருக்கிறது."

"எல்லாரும் கேட்டாங்க சார்."

"நாட்டுக்கு வெட்கம் கிடையாது, மிஸ்டர் சாமி. பத்து வாரமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்."

ஐம்பதுக்கு நான்கு மார்க். நான்கு எதற்கு என்று கேட்டேன். சட்டைக்கு என்றார். ஒரு வல்லரசை வழிக்குக் கொண்டுவந்ததற்காக ராஜலட்சுமிக்கு நாற்பத்தெட்டு. பிற்பாடு வெளிநாட்டு இலாகாவில் வேலைக்குப் போனார். லைசன்ஸ் ஆபீஸ் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான். அடுத்த வருஷம் நான் நவுசோரி மார்க்கெட்டில் தலோக் கிழங்கு விற்றேன். நாகம்மா பக்கத்தில் மிளகாய் விற்றாள்.

மறுநாள் காலையே காசிம் பாய் என் பஸ்ஸில் ஏறினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பிரான்ஸு, சுவாவுக்கு ஒண்ணு குடுப்பா" என்றார். கதையை முழுசாகச் சொல்லி முடிக்கும்போது சுவா வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான் அப்பா இல்லை. "பிரான்ஸுக்குச் சோறு போடு." "பிரான்ஸு தூங்குது, சத்தம் போடாதே." ஞாயிற்றுக்கிழமை கோழியா மீனா என்பதற்கும் ஓட்டு எடுப்பார்கள். என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார்கள். நான் குடித்துவிட்டுக் கையை மாற்றித் தூக்குவேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பல வருஷம் கழித்து, ராணுவம் ஆட்சியைப் பிடித்து, துப்பாக்கியோடு சிப்பாய்கள் ரோட்டில் நின்ற வருஷம், மூத்தவன் கனடாவுக்குக் குடிபோகக் காகிதம் வாங்கி வந்தான். எல்லாருக்கும் சேர்த்து. மேசை மேல் வைத்தான்.

"ஓட்டு போடுவோம் பப்பா."

எதிர்த்துத் தூக்கினேன். இந்தத் தடவை யாரும் தண்ணீர் வைக்கவில்லை. நாகம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் வலிக்கிற வரைக்கும் நான் கையை இறக்கவில்லை.

"பிரான்ஸுக்கு வீட்டோ உண்டு" என்றேன்.

"அது சபையில, பப்பா" என்றாள் சின்னவள். "இது வீடு."

இன்றும் கனடாவிலிருந்து போன் வந்தால், "பிரான்ஸு, என்ன சமைச்சே?" என்றுதான் ஆரம்பம். தலோ என்பேன். அந்தப் பக்கம் ஐந்து பேரும் சிரிப்பது கேட்கும்.

அந்த ஓட்டை அன்றைக்கே சங்க நோட்டு மாதிரி எழுதி வைத்தேன். ஏகமனதாக என்று எழுதவில்லை.

ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஒன்று.